அந்த வெள்ளைப் பொடி வேண்டாம்

அருளுக்கு,

முதலில் இதை வாசித்துவிடு, மற்றதை நிதானமாக வாசிக்கலாம். நீ கேட்டிருக்கிற அந்த வெள்ளைப் பொடியை மாட்டுக்குத் தடவாதே. கொட்டகையிலும் தூவாதே. எங்காவது விசாரித்து வாங்கி ஏற்கெனவே தடவியிருந்தால், சோப்புத் தண்ணீர் விட்டு மாட்டைத் தேய்த்துக் கழுவு. பாலைப் பிள்ளைக்குக் கொடுக்காதே, வேறு யாருக்கும் ஊற்றாதே. மாட்டு டாக்டரைக் கூப்பிட்டு என்ன தடவினாய் என்று மறைக்காமல் சொல். மறைக்காமல் என்று எழுதும்போதே எனக்குக் கை நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்பதைத்தான் இந்த நோட்டுத் தாள்களில் எழுதப் போகிறேன்.

உன் இன்லண்ட் லெட்டர் வந்த அன்றே காரைக்குடி பஸ் ஏறிப் போய், எஸ்.டி.டி. பூத்தில் இருந்து நீ எழுதியிருந்த மளிகைக் கடை நம்பருக்குப் பேசினேன். "பொடி வேண்டாம்னு அவங்க அம்மா சொன்னாகன்னு மட்டும் அருள்கிட்டச் சொல்லிருங்கய்யா" என்றேன். கடைக்காரர், "என்ன பொடி, மொளகாப்பொடியா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவனுக்குத் தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அது உனக்கு வந்து சேர்ந்ததோ இல்லையோ என்று ஐந்து நாளாய்ச் சோறு இறங்கவில்லை.

நான் படித்தது மூன்றாவது வரைதான். எனக்குக் கடிதம் எழுதித் தருவது எதிர்வீட்டு டீச்சர் மகள். இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லி எழுதவைக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் நானே எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எழுத்தில் உள்ள பிழையைச் சொல்கிறேன்.

நாலு வருஷம் கழித்து நீ எழுதிய முதல் கடிதம் இது. சுகமா என்று ஒரு வரி, பையனுக்கு எட்டு மாசம் ஆகிறது என்று ஒரு வரி, மற்றதெல்லாம் ஈ. காளையார்கோவில் பக்கம் மழை விட்டதிலிருந்து இரண்டு பசுவும் ஈக்கடி தாங்காமல் பால் கறக்க நிற்பதில்லை, காலைத் தூக்கிச் செம்பைத் தட்டிவிடுகிறது, பிள்ளைக்குக் கொடுக்கக்கூடப் பால் காணவில்லை என்று எழுதியிருந்தாய். அப்புறம் இதைக் கேட்டிருந்தாய்: "வனத்து அந்தோணியார் திருநாளுக்கு முதல்நாள் மயிலைப் பசுவுக்கு வேப்பெண்ணெயில் ஏதோ வெள்ளைப் பொடி கலந்து தடவினாயே, மறுநாள் ஒரு ஈகூட அதன் மேல் உட்காரவில்லையே, அது என்ன பொடி?" இதை வாசித்ததும் எனக்கு இரண்டு காரியம் விளங்கியது. ஒன்று, நீ இதை உன் பொண்டாட்டி லூர்துவுக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறாய். தெரிந்திருந்தால் எழுத விட்டிருக்கமாட்டாள். மற்றது, நாலு வருஷமாய் அந்தப் பொடியைப் பற்றி அவள் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியாததால் என் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு மறதி கிடையாது என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணப் பேச்சுக்குப் போனபோது உன் மாமியார் எனக்கு வைத்த தட்டில் ஒரு முழு முறுக்குகூட இல்லை, எல்லாம் உடைசல். உன் பெரியம்மாவுக்கு வைத்த தட்டில் மூன்று முழு முறுக்கு. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்த உடைந்த முறுக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் லூர்துவை வீட்டுக்குள் அழைத்தேன். அவள் கோலம் போட்டால் கோணல், குழம்பு வைத்தால் தண்ணீர். எல்லாவற்றையும்விட, தொழுவத்தில் அவளைச் சாணி அள்ள விடவில்லை. "நீ அள்ளுனா அள்ளுன மாதிரியா இருக்கு, விடு" என்று கூடையைப் பிடுங்கிக்கொள்வேன். பிடுங்கிக்கொண்ட நானும் ஒழுங்காய் அள்ளவில்லை. அந்த வருஷம்தான் முழங்கால் பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது. சாணி மூன்று நாள், நாலு நாள் கிடக்கும். மூத்திரம் ஓடும் வாய்க்கால் அடைத்துச் சேறாய் நிற்கும். "நான் அள்ளிர்றேனே அத்தே" என்று அவள் எத்தனையோ தடவை வந்து நின்றாள். நான் விடவில்லை. ஈ அங்கேதான் பெருகியது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

பொடி தடவியதற்கு முந்தின வருஷத்துத் திருநாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. நீ ஆத்தங்குடிப் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டாய் என்று நினைக்கிறேன். மாடுகளையெல்லாம் குளிப்பாட்டி, கொம்பில் பூச்சுற்றி, கோவில் முன்னால் வரிசையாய் நிறுத்தியிருந்தோம். சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஒவ்வொரு மாடாய் வந்தார். நம் மயிலையின் முதுகிலும் காலிலும் ஈ அப்பிக்கிடந்தது. அது உதறிக்கொண்டே இருந்தது. சாமியார் பக்கத்தில் வந்ததும் வாலை ஒரு வீசு வீசியது, வாலில் இருந்த சாணி அவருடைய வெள்ளை அங்கியில் கோடு இழுத்துவிட்டது. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். உன் பெரியம்மாதான் விடவில்லை. கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தாள். ஊரே கேட்கும்படி, "சாமியார் வந்து மந்திரிக்கிறதுக்கு முன்னாடியே இம்புட்டு ஈயும் வந்து மந்திரிச்சுட்டுப் போயிருச்சே, இனி இந்த மாட்டுக்கு எதுக்குடி தனியாத் தண்ணி?" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். அந்தச் சிரிப்பை ஒரு வருஷம் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அடுத்த திருநாளில் என் மாட்டின் மேல் ஒரு ஈ உட்காரக் கூடாது என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

உன் அப்பா இருந்தவரைக்கும் நம் வீட்டில் ஈக்குச் செய்த வைத்தியம் வேறு. அதையும் இந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன், உனக்கு வேண்டியது அதுதான். வேப்பெண்ணெய் ஒரு பங்கு, தேங்காயெண்ணெய் மூன்று பங்கு. தேங்காயெண்ணெயைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடு காட்டி, அடுப்பிலிருந்து இறக்கி, தள்ளி வைத்து, பூங்கற்பூரம் கொஞ்சம் நுணுக்கிப் போட்டுக் கரைத்து, பிறகு வேப்பெண்ணெயைச் சேர்க்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே கற்பூரத்தைப் போட்டால் தீப் பிடித்துக்கொள்ளும். உன் அப்பா ஒருமுறை அப்படிப் போட்டு மீசையில் ஒரு பக்கத்தைக் கருக்கிக்கொண்டு, ஒரு வாரம் துண்டால் வாயை மூடிக்கொண்டு திரிந்தார். துணியில் நனைத்து முதுகு, கழுத்து, கால், வாலடி என்று மெல்லிசாகத் தடவு. கண், வாய், மடி பக்கம் போகாதே. முதலில் உள்ளங்கையளவு இடத்தில் தடவிப் பார், தோல் தடிக்காவிட்டால் மறுநாள் மற்ற இடம். பால் கறந்த பிறகுதான் தடவ வேண்டும், இல்லாவிட்டால் பாலில் வேப்பெண்ணெய் வாடை ஏறிவிடும். இரண்டு நாளைக்கு ஒருதரம் தடவினால்தான் நிற்கும். ஈ ஒன்றுகூட இல்லாமல் போகாது, பத்தில் ஏழு போகும். பொழுது சாயும்போது எருவாட்டித் தணலில் காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொட்டகைக்கு வெளியே, காற்று வரும் பக்கமாய் மூட்டம் போடு. உள்ளே போட்டால் கன்றுக்குட்டி கண் எரிந்து தவிக்கும். இதெல்லாம் பிறகுதான். முதலில் சாணியைத் தினம் இரண்டு வேளை அள்ளித் தூரக் குழியில் போட்டு மண் மூடு. மூத்திரம் தேங்கும் இடத்தில் சாம்பல் தூவிக் காய வை. சாணி கிடக்கும்வரை எந்த எண்ணெயும் வேலை செய்யாது.

எனக்குப் பத்தில் ஏழு போதவில்லை. ஒன்றுகூட இருக்கக் கூடாது. திருநாளுக்கு முதல்நாள் மத்தியானம், கடலைக்குத் தூவ வாங்கி மீதம் கிடந்த பூச்சி மருந்துப் பொடியைப் பரணிலிருந்து எடுத்தேன். அதுதான் அந்த வெள்ளைப் பொடி. ஒரு சிரட்டை நிறைய வேப்பெண்ணெயில் அதை மூன்று கை அள்ளிப் போட்டுக் குழைத்தேன். லூர்துதான் சிரட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கைச் சுளித்தாள்.

"அத்தே, இது கடலைக்குப் போடுறதுல்ல? மாடு நக்குமே."

"நக்காம கட்டிப்போடத் தெரியும். ஒங்க ஆத்தா வீட்டுல மாடு இருந்துச்சா, எனக்குச் சொல்லித்தர வந்துட்ட."

அவள் சிரட்டையை எனக்கு வாகாய் நீட்டிப் பிடித்தாள். கழுத்திலிருந்து வால்வரை நானே பூசினேன். நீ வேலை முடிந்து வந்தபோது பாதி பூசியிருந்தேன். என்ன வாடை இது என்று கேட்டாய். பொடி என்றேன், என்ன பொடி என்று நீயும் கேட்கவில்லை, ஏதோ நாட்டு மருந்து என்று நினைத்திருப்பாய்.

மறுநாள் மயிலை கோவில் முன்னால் சிலைபோல் நின்றது. ஒரு ஈ இல்லை. சாமியார் அதன் நெற்றியில் கை வைத்தார். உன் பெரியம்மா நம் மாட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னத்தடி போட்ட, பவுடர் கிவுடர் போட்டியா?" என்றாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அது சிலைபோல் நின்றது சுகத்தினால் அல்ல என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. விடிந்து பார்த்தால் வாயில் நுரை தள்ளியிருந்தது. தோல் அங்கங்கே தானாகத் துடித்தது. பத்து மணிக்குப் பின்கால் மடங்கி விழுந்துவிட்டது. நீ சைக்கிளில் போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தாய். அவர் கண் இமையை விரித்துப் பார்த்தார், வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன சாப்பிட்டுச்சு? உடம்புல ஏதாவது மருந்து தடவினீங்களா?" என்று கேட்டார்.

அருள், இந்த இடத்தில்தான் நாலு வருஷமாய் நான் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் நீ நின்றாய். வாசலில் உன் பெரியம்மா நின்றாள், குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த பெண்கள் நின்றார்கள். தடவினேன் என்று சொல்ல ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம் போதும். நான், "வேப்பெண்ணெதான்யா தடவுனேன், எப்பவும் தடவுறது" என்றேன். அதோடு விட்டேனா, சோளத்தையும் சேர்த்துச் சொன்னேன். கதிர் அறுத்த தாளில் திரும்பத் துளிர்க்கிற இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதல்நாள் காலையில் லூர்து ஆட்டுக்கென்று அதில் ஒரு கட்டு அறுத்துவந்து போட்டிருந்தாள். ஆட்டுக்கும் அதைப் போடக் கூடாது, அது அவளுக்குத் தெரியாது. ஆடு ஒரு வாய் கடித்ததும் பார்த்துவிட்டு நான்தான் பிடுங்கி எறிந்தேன். மாடு அதில் ஒரு இலைகூடத் தின்னவில்லை. "இவதான் துளிர்ச்சோளத்த அறுத்தாந்து போட்டா" என்று நான் கை நீட்டினேன்.

டாக்டர் சோளத்துக்குரிய ஊசியைப் போட்டார். பொழுது சாயுமுன் மயிலை செத்துப்போனது. பிறகு ஒருநாள் வேறொரு மாட்டுக்கு வந்தபோது அவரிடம் ஊர்க்கதை கேட்பதுபோல் கேட்டேன். பயிர் மருந்தை எண்ணெயில் குழைத்துப் பூசினால் தோல் வழியாகவே உள்ளே இறங்கிவிடும், தெரிந்திருந்தால் முதலில் கழுவிவிட்டு அதற்குரிய வைத்தியம் பார்க்கலாம், சிலது பிழைக்கும் என்றார். சிலது பிழைக்கும். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அது அந்தச் சிலதில் ஒன்றாக இருந்திருக்கலாம். பொடி பாதி கொன்றது என்றால் என் வாய் மீதியைக் கொன்றது.

அன்று லூர்து, "நான் மாட்டுக்குக் குடுக்கலத்தே, ஆட்டுக்குத்தான் அறுத்தேன்" என்று மட்டும் சொன்னாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். நீ, "ஏண்டி குடுத்த?" என்று கையை ஓங்கினாய். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினாய். அந்தக் கையை ஓங்க வைத்தவள் நான். அப்போதும் அவள் பொடி என்ற சொல்லை எடுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் மாமியாரைப் பொய்க்காரி ஆக்கவேண்டாம் என்று நினைத்தாளோ, சொன்னாலும் நீ நம்பமாட்டாய் என்று நினைத்தாளோ, எனக்குத் தெரியாது.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இத்தனை தாள் எழுதியும் பிரயோசனம் இல்லை. திருநாள் அன்று காலையில் கன்றுக்குட்டியைக் காணோம். தேடினால், லூர்து அதைக் கொல்லைக் கடைசியில் முருங்கை மரத்தில் கட்டிவைத்து, அடுத்த வீட்டில் பால் வாங்கி விரலால் சப்பக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கன்று தாயைச் சுற்றிச் சுற்றி நக்கும், பால் குடிக்கும், அதனால் பிரித்துக் கட்டியிருக்கிறாள். கன்று பிழைத்ததே அவளால்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாடு செத்த பிறகு அதே பெண்களிடம், "மாடு சாகப் போகுதுன்னு அவளுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு, இல்லாட்டி எதுக்குக் கன்னுக்குட்டியப் பிரிச்சுக் கட்டுனா?" என்றேன். அவள் செய்த நல்லதையே எடுத்து அவள் தலையில் போட்டேன். மாட்டைக் கொன்றவள் என்ற பேர் அவளுக்கு வந்தது அந்த ஒரு பேச்சால்தான். அடுத்த மாசமே நீ அவளைக் கூட்டிக்கொண்டு மாமனார் ஊருக்குப் போய்விட்டாய். பொண்டாட்டி பேச்சைக் கேட்டு மகன் போய்விட்டான் என்று அதற்கும் நான் ஊரெல்லாம் அழுதேன். அழுத என்னை ஊரும் தேற்றியது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு வருஷமும் தபசு காலத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். பொறாமைப்பட்டேன், கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்திப் போனேன் என்று எல்லாம் சொல்வேன். இதைச் சொல்லமாட்டேன். மாடு ஆத்துமா இல்லாத ஜீவன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மாடு ஒரு பக்கம் இருக்கட்டும், மருமகளுக்கு ஆத்துமா இருக்கிறதே. உன் கடிதம் வந்து இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை போய்ச் சொன்னேன். புதுச் சாமியார், சின்ன வயது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்க வச்சு, யார் முன்னால அந்தப் பழியச் சொன்னீங்களோ, அங்க வச்சு அவங்க முன்னால இதையும் சொல்லுங்கம்மா" என்றார். ஐம்பது மணி செபமாலை சொல்லச் சொன்னால் முழங்காலில் இருந்தே சொல்லியிருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லை.

நேற்றுக் காலை குழாயில் தண்ணீர் வருகிற நேரம் பார்த்துப் போனேன். அன்று நம் வாசலில் நின்றவர்களில் ஐந்து பேர் இருந்தார்கள். உன் பெரியம்மாவும் இருந்தாள். குடத்தை வைத்துவிட்டு, மயிலையைக் கொன்றது நான், லூர்து இல்லை, கன்றைக் காப்பாற்றியது அவள் என்று சொன்னேன். ஒருத்தியும் குடத்தை எடுக்கவில்லை. தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. உன் பெரியம்மாதான் முதலில் பேசினாள்.

"ஊரே மறந்துபோச்சு. இப்ப எதுக்குடி கெளறுற?"

"ஊரு மறந்துருச்சு. அவ மறந்துருப்பாளாக்கா?"

"மகன் சோறு போடுவான்னு பாக்குற. அதான் இம்புட்டு ஞானம் வந்துருக்கு."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்று வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். இருக்கலாம். கால் சரியில்லை, கண் சரியில்லை, பேரனின் முகம் தெரியாது. ஆனால் சோற்றுக்காக இதை எழுதவில்லை. நான் பேசாமல் இருந்தால், நான் செய்ததைப் பார்த்துப் படித்ததாக நினைத்துக்கொண்டு நீ அந்தப் பொடியைத் தடவியிருப்பாய். உன் பிள்ளை அந்தப் பாலைக் குடித்திருப்பான். ஏதாவது ஆகியிருந்தால் அதற்கும் லூர்துவைத்தான் யாராவது கை நீட்டியிருப்பார்கள். அந்தப் பயம்தான் என்னைக் கோவிலுக்கும் குழாயடிக்கும் தள்ளிக்கொண்டு போனது.

உன் மாமியாரின் உடைந்த முறுக்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு. அதற்கும் லூர்துவுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். என்னை வந்து பார் என்று கேட்கமாட்டேன், என்னை அங்கே அழைத்துக்கொள் என்றும் கேட்கமாட்டேன். கேட்கிற இடத்தில் நான் இல்லை.

இந்தத் தாள்களை நீ மட்டும் வாசித்துவிட்டு எங்காவது செருகி வைத்துவிடாதே. லூர்துவின் கையில் கொடு. உன் முன்னால் சத்தமாக வாசிக்கச் சொல், அவள் வீட்டு ஆட்கள் இருந்தால் அவர்களும் கேட்கட்டும். சிரட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள். என்ன நடந்தது என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் ஞாபகக்காரி என்று பேர் வாங்கியவள்தான், ஆனாலும் எனக்குத் தெரியாமலே என்னைக் கொஞ்சம் நல்லவளாய்க் காட்டி எங்காவது எழுதியிருப்பேன். அந்த இடம் வந்ததும் அவள் வாசிப்பது நின்றுபோகும். ஏன் நிறுத்தினாய் என்று அவளைக் கேள். கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. அவள் சொல்வதுதான் நடந்தது.

உன் அம்மா